கோழின்னா கோழிதானே

எட்டு நாளைக்கு முன்னால், பித்தப்பைக் கல்லை எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அப்பா, தன் இரண்டு பிள்ளைகளிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை. நாலு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போனார். நாலு பக்கமும் கோழிகளைப் பற்றியது.

இந்த வீட்டுக்குள் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. அப்பா துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவர். அத்தனை வருஷமும் உயரத்தில் உட்கார்ந்து மனிதர்களின் உச்சந்தலையை மட்டுமே பார்த்ததால், கீழே இறங்கிய பிறகும் பார்வை மாறவில்லை. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. மூத்த மகன், வீட்டில் 'பெரியவன்', டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். இளையவள் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஃபிரேமுக்குள் அடங்கும்படி லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கிறவள். முப்பத்தாறு வயது. விவாகரத்தாகி நாலு வருஷம். வாடகை அறையில் தனியாக இருக்கிறாள். ஆனாலும் இந்த வீட்டில் அவள் பெயர் இன்னும் 'பாப்பா'.

காலை முறை பாப்பாவுடையது, சாயங்கால முறை பெரியவனுடையது என்று எட்டு நாளும் ஓடியது. இன்று அப்பா வீட்டுக்கு வருகிறார்.

காலை ஆறரைக்குப் பின்பக்கக் கதவைத் திறந்த பாப்பா, படியிலேயே நின்றுவிட்டாள்.

தோட்டத்தை இரண்டாகப் பிரித்து அப்பா கட்டியிருந்த கம்பி வலை, சுருட்டிச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. நேராகச் சுருட்டி, நடுவில் கயிறு போட்டு, முடிச்சும் போட்டு. பெரியவன் வேலை. அவன் செய்கிற தப்பெல்லாம் ரொம்பச் சுத்தமாக இருக்கும்.

கூட்டுக் கதவையும் அவன் சாத்தவில்லை. விடிந்ததிலிருந்து பதினொரு கோழியும் ஒன்றாகத் திரிந்திருக்கின்றன.

வெள்ளைச்சிகள் ஐந்தும் குளியலறைக் கூரைமேல் வரிசையாக நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. காலெல்லாம் இறகு முளைத்த பெரிய உடம்புக்காரி, 'பூட்ஸ்காரி', சுவர் மூலையில் முகத்தைப் புதைத்து நின்றது. அதன் முதுகில் ஒரு கையகலத்துக்கு இறகே இல்லை. சிவப்பிகள் நாலும் தீனித் தட்டைச் சுற்றி நின்று, ஒன்றுமே நடக்காதது போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

பஞ்சைக் காணோம்.

சிமென்ட் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில்தான் அது கிடைத்தது. பஞ்சுருண்டை மாதிரி இருக்கிற சின்னக் கோழி. கண்ணை மறைக்கிற அளவுக்கு இறகுக் கொண்டை. அந்தக் கொண்டையில் பாதி போய், தோல் கிழிந்து, சதை தெரிந்தது. கையில் எடுத்தபோது திமிறக்கூட இல்லை.

பாப்பாவுக்குப் பஞ்சு மேல் பாசம் எதுவும் கிடையாது. இவ்வளவு உதவாக்கரையான ஒரு ஜீவனை யார் எதற்காக வளர்க்க வேண்டும் என்று எட்டு நாளும் நினைத்தவள்தான். ஆனால் எழுதிக் கொடுத்ததைச் செய்யாத ஆட்களை அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஃபோனை எடுத்தாள்.

"அண்ணா, வலைய ஏன் எடுத்த?"

"முதல்ல குட் மார்னிங் சொல்லு."

"வலைய ஏன் எடுத்த?"

"ரெண்டு பக்கமும் தனித்தனியா தண்ணி, தனித்தனியா தீனி. லூசுத்தனமா இல்ல? ஒண்ணாக்கிட்டேன். இனிமே வேலை பாதி."

"பஞ்சு மண்டைய கிழிச்சு வச்சிருக்குங்க."

மறுமுனையில் ஒரு கொட்டாவி.

"கோழின்னா கோழிதானே, பாப்பா. பழகிடும்."

"பதினொரு மணிக்கு அப்பா டிஸ்சார்ஜ். இப்ப கிளம்பி வா."

பெரியவன் முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். டிரைவிங் ஸ்கூல் பெயர் அச்சடித்த மஞ்சள் பனியன், கழுத்தில் விசில். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: தனக்கு என்ன தெரியாது என்பது.

பாப்பா அப்பா எழுதிய தாள்களை அவன் கையில் கொடுத்தாள்.

"இது எனக்கும் இருக்கு. வாட்ஸாப்ல அனுப்பினியே."

"படிச்சியா?"

"பாத்தேன்."

"படி."

பெரியவன் சத்தமாகப் படித்தான். கேலி செய்கிற குரலில்தான் ஆரம்பித்தான்.

'சிவப்பி நாலு. ரோட் ஐலண்ட் ஜாதி. நிறைய முட்டை, கெட்ட குணம். காதோரம் கறுப்பு உள்ளவள் தலைவி. அவள் ஒரு கொத்து கொத்தினால் மற்ற மூன்றும் காரணம் கேட்காமல் கொத்தும்.

வெள்ளைச்சி அஞ்சு. லெகார்ன். தினம் முட்டை. மற்றபடி தொடைநடுங்கி. நீ தும்மினால் பறக்கும். துரத்தாதே. விட்டால் தானே வரும்.

பூட்ஸ்காரி ஒன்று. பிரம்மா. யாரையும் கொத்தாது. தன்னைக் கொத்தினாலும் திருப்பிக் கொத்தாது. நல்ல குணம் என்று ஏமாறாதே. சோம்பேறித்தனம்.

பஞ்சு ஒன்று. சில்கி. கொண்டை கண்ணை மறைக்கும். யார் கொத்துகிறார்கள் என்று தெரியாமலே செத்துப்போகும். ஆகவே சிவப்பிகள் ஒரு பக்கம், மற்றதெல்லாம் ஒரு பக்கம். வலையை எடுக்காதே.'

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. பெரியவனின் குரலில் கேலி குறைந்திருந்தது.

"இதை முதல்லயே ஒரு வரியில சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

"ஒரு வரியாதான் எழுதியிருக்கார். அடியில கோடு வேற."

பாப்பா பஞ்சை மடியில் வைத்து, வெந்நீரில் காயத்தைத் துடைத்து, ஊதா மருந்தைத் தடவினாள். ரத்தச் சிவப்பு கண்ணில் பட்டால் மற்றதும் வந்து கொத்தும். அதை மறைக்கத்தான் ஊதா. அது மூன்றாவது பக்கத்தில் இருந்தது. அவள் பத்து விரலும் ஊதாவாயிற்று. கடைக்கு ஃபோன் செய்து அரை நாள் விடுப்பு சொன்னாள். அங்கே இருபத்திரண்டு ஜோடி லென்ஸ் காத்திருந்தது.

பெரியவன் அதற்குள் ஒரு பெட்ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வெள்ளைச்சிகளைப் பிடிக்கப் போனான்.

"துரத்தாதேன்னு இப்பதானே படிச்ச?"

"துரத்தல. வழிகாட்டுறேன்."

ஏணியில் ஏறி விசிலை ஊதினான். ஐந்தும் ஒரே நேரத்தில் வீறிட்டுப் பறந்தன. இரண்டு பக்கத்து வீட்டு ஷெட் மேலும், மூன்று கொடியில் காய்ந்த துணிகளின் மேலும் இறங்கின. ஏணி சரிந்தது. பெரியவன் ஏணிக்கு முன்னாலேயே தரைக்கு வந்துவிட்டான்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து வலையைக் கட்ட ஆரம்பித்தான். காதோரம் கறுப்புள்ள தலைவியைப் பிடித்துத் தனியே, கவிழ்த்த ஒரு பிளாஸ்டிக் கிரேட்டின் அடியில் அடைக்கச் சொன்னாள் பாப்பா. பிடித்தான். அது அவன் மணிக்கட்டில் ஒரு துண்டு சதையை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனது.

"சனியன்!" என்று கையை உதறினான். "இதுங்களையெல்லாம் வித்துத் தொலைச்சிடலாம். சரி, நான் ஒண்ணு சொல்லணும். நீ இங்க வந்து இருந்துடு."

"எங்க?"

"இங்கதான். அப்பா கூட. ஆபரேஷன் ஆன மனுஷன். என் வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதுவுமில்லாம உங்க அண்ணிக்கும் அவருக்கும்... உனக்கே தெரியும். நீ தனியாத்தானே இருக்க."

இந்தப் பேச்சு வரும் என்று பாப்பாவுக்குத் தெரியும். மூன்று நாளாக, மெஷின் ஓடுகிற சத்தத்தில், பதிலை வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்து வைத்திருந்தாள்.

"தனியா இருக்கிறது வியாதி இல்லண்ணா. எனக்குப் பிடிச்சு இருக்கேன்."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி. நல்லா ஒத்துப்போகும்."

"வலைய எடுக்கும்போதும் இதைத்தானே சொன்ன."

பெரியவன் மணிக்கட்டைக் குழாயில் காட்டிக்கொண்டே, "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். அவள் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. அவர்கள் கிளம்பும்போது வெள்ளைச்சிகள் ஐந்தும் யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

*

டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு. வாத்தியார் மிதிப்பதற்கு. அன்று அந்த சீட்டில் அப்பா உட்கார்ந்தார். பின்னால் பாப்பா, மடியில் மருந்துப் பை.

வார்டு வாசலில் சக்கர நாற்காலியைப் பார்த்து, "இது எதுக்கு? வயித்துலதான் ஓட்டை போட்டாங்க, கால்ல இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தே வந்திருந்தார். நர்ஸுக்கு ஊசி பிடிக்கத் தெரியவில்லை. டாக்டருக்குக் கையெழுத்துப் போடத் தெரியவில்லை. கேன்டீன்காரனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியவில்லை. எட்டு நாளில் அந்த ஆஸ்பத்திரியில் அவர் ஒரு ஆளைக்கூட மிச்சம் வைக்கவில்லை என்று தோன்றியது.

"கோழிங்க எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குப்பா" என்றான் பெரியவன்.

"பஞ்சு?"

"சூப்பரா இருக்கு."

அப்பாவின் கால் கீழே போனது. கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது. பின்னால் நாலைந்து ஹார்ன்.

"அப்பா! அந்த பிரேக்க மிதிக்காதீங்க!"

"பஞ்சு சூப்பரா இருக்கிற ஜாதி இல்லையே. என்ன பண்ணி வச்சிருக்க?"

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம்ப்பா. அதுக்கு முன்னால உங்க விஷயம் ஒண்ணு பேசணும். இனிமே நீங்க தனியா..."

கார் மறுபடி நின்றது. இந்த முறை அப்பா முகத்தைச் சுளித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தையல் இழுத்திருக்க வேண்டும். ஆனாலும் காலை எடுக்கவில்லை.

"சிக்னலைப் பார்த்து ஓட்டு" என்றார். "நீதான் ஊருக்கே ஓட்டக் கத்துக்குடுக்குறியாம்."

பாப்பா ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். சிரிப்பை அடக்குவது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அண்ணனைப் பார்த்தா, அப்பாவைப் பார்த்தா என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. இரண்டு பேரையும் ஒரே நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, கார் தன்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போனால் தேவலை என்றிருந்தது.

*

வீட்டுக்குள் நுழைந்த அப்பா, உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நேரே பின்பக்கம் போனார்.

வலை இருந்தது. ஆனால் அவர் போடுகிற முடிச்சு அதில் இல்லை. பூட்ஸ்காரியின் முதுகு தெரிந்தது. கிரேட்டின் அடியில் தலைவி இருப்பது தெரிந்தது. அட்டைப் பெட்டிக்குள், பாதித் தலை ஊதாவாகிப் பஞ்சு உட்கார்ந்திருந்தது. பாப்பாவின் விரல்களையும் பார்த்தார். பெரியவனின் மணிக்கட்டில் இருந்த பிளாஸ்டரையும் பார்த்தார். யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எழுதிக் குடுத்தேன்" என்றார்.

"அப்பா, ஒரு சின்ன..."

"ரெண்டு கோடு போட்டேன். படிக்கத் தெரிஞ்ச பயலுக்கு ஒரு கோடு போதும். உன்ன நினைச்சுத்தான் இன்னொண்ணு போட்டேன்."

பெரியவன் முகம் கறுத்தது. நாற்பத்தொரு வயதில், தலையில் பாதி நரைத்த பிறகும், இந்தத் தோட்டத்தில் நின்றால் அவன் குரல் உயர்ந்துவிடும்.

"நாலு பக்கம்ப்பா! கோழிக்கு! எது சோம்பேறி, எது பயந்தாங்கொள்ளி, எது எப்ப கொத்தும், எல்லாம் தெரியுது உங்களுக்கு. அதுக்குக் கெட்ட குணம்னா தனியா வலை கட்டிக் குடுக்குறீங்க. எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா திட்டுதான். அந்தச் சிவப்பிக்குக் குடுக்கிற மரியாதைல பாதி எனக்குக் குடுத்திருக்கீங்களா?"

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிவப்பியோட குணம் முட்டைக்குள்ளயே வந்தது. அதைத் திட்டி என்ன ஆகப்போகுது? உன்னோடது நீயா சேர்த்தது. அதான் திட்டுறேன்."

பாப்பா பெட்டியின் மூடியைச் சரி செய்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"உங்களோடது எங்க இருந்து வந்ததுப்பா?"

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு மர ஸ்டூலில் உட்கார்ந்தார். வயிற்றின்மேல் கை இருந்தது. ஒரு நிமிஷம் அவர் கிரேன்காரராக இல்லை. எட்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத, எழுபது வயது நோயாளியாக மட்டும் இருந்தார். பாப்பாவுக்குத் தான் கேட்டதற்காக வருத்தம் வரவில்லை. ஆனால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இதுதான் சமயம் என்று பெரியவன் நினைத்தான். சமயம் பார்ப்பதில் அவன் எப்போதும் அப்படித்தான்.

"சரிப்பா, நடந்தது நடந்துபோச்சு. இனிமே உங்களைத் தனியா விட முடியாது. நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். பாப்பா இங்க வந்து உங்க கூட இருந்துடுவா."

"நாங்கன்னு யாரு?" என்றாள் பாப்பா. நெஞ்சுக்குள் மூன்று நாளாக அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் வரிசையாக வந்து நின்றன. எனக்குன்னு ஒரு அறை இருக்கு. எனக்குன்னு ஒரு வேலை இருக்கு. உங்க மூணு வேளைக் குத்தலுக்கு நான் ஆள் இல்லை. வாயைத் திறந்தாள்.

அப்பா முந்திக்கொண்டார்.

"இவளா? இவ கூட நான் இருக்க மாட்டேன்."

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"எதுவும் பேச மாட்டா. எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருப்பா. நான் டீ குடிச்சாலும் தப்பாக் குடிச்ச மாதிரியே ஒரு பார்வை. இவ வீட்டுக்காரன் எப்படித்தான் அஞ்சு வருஷம் தாங்கினானோ. வேண்டாம். நான் செத்தாலும் நிம்மதியா சாகணும்."

பாப்பா திறந்த வாயை மூடினாள்.

மறுக்க வேண்டும் என்றுதான் வந்தாள். மறுக்கிற வேலையே இல்லாமல் போனது. அவள் கேட்டது முழுசாகக் கிடைத்துவிட்டது. பிறகு ஏன் காதெல்லாம் சுடுகிறது, ஏன் கண்ணுக்குப் பின்னால் எரிகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. ஊதா விரல்களைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள். அது போகிற மருந்து இல்லை.

"ரொம்ப நல்லது" என்றாள். "எனக்குக் கடைக்கு நேரமாச்சு."

கைப்பையை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தபோது, வெளியே ஒரு வாடகைக் கார் வந்து நின்றது.

இறங்கிய பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி, கட்டம் போட்ட சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். கையில் பெரிய துணிப்பை. டிரைவர் இறக்க வந்ததைத் தட்டிவிட்டுத் தானே இறக்கினாள்.

"கிரேன்காரர் வீடு இதுதானே?"

"ஆமா. நீங்க?"

"ஆஸ்பத்திரில உங்க அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில்ல இருந்தாரே, அவரோட அக்கா. உங்க அப்பாதான் இன்னைக்கு வரச் சொன்னார்."

பின்னாலேயே வந்துவிட்டிருந்த பெரியவன், "எதுக்கு?" என்றான்.

அந்தப் பெண் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "குஞ்சு பொரிக்கிற பண்ணையில இருபத்தாறு வருஷம் இருந்தேன். பொறந்த அன்னைக்கே குஞ்சைக் கையில எடுத்து, ஆணா பெண்ணான்னு பிரிச்சுப் போடுற வேலை."

"பார்த்த உடனே தெரிஞ்சிடுமா?"

"மூணு செகண்ட் ஆகும்" என்று சொல்லி, அவனை அதே அளவு நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பையைப் பாப்பாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனாள். கேட்காமல் கொடுத்தாள், பாப்பாவும் யோசிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

தோட்டத்தில் அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். அது மாட்டவில்லை. "வாங்க" என்றார். பேங்க் மேனேஜரைக்கூட 'வா' என்று கூப்பிட்டவர்.

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பவில்லை. வலையின் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பெட்டியைத் திறந்து பஞ்சின் கொண்டையை விலக்கிக் காயத்தைப் பார்த்தாள். "மருந்து போட்டது யாரு? சரியாப் போட்டிருக்கு." பிறகு சுவரோரம் போய், சிமென்ட் தொட்டிக்குள் ஒரு விரலை விட்டு எடுத்தாள்.

"தண்ணி இப்படிக் கொதிக்குது. வெயில்ல தொட்டி வச்சது யாரு?"

பெரியவனும் பாப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினொரு வருஷமாக அந்தத் தொட்டி அங்கேதான் இருக்கிறது. அதை நகர்த்தலாமா என்று ஒருமுறை கேட்டதற்குப் பெரியவன் ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"நான்தான்" என்றார் அப்பா.

"தப்பு."

இரண்டு பிள்ளைகளும் காத்திருந்தார்கள். இடி இறங்கப்போகிறது என்று பெரியவன் ஒரு அடி பின்னால்கூட வைத்தான்.

"ஆமா" என்றார் அப்பா. "தப்புதான்."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை இரண்டு பேரும் இதுவரை கேட்டதில்லை. அம்மா இருந்த முப்பத்தெட்டு வருஷத்தில் அம்மாவும் கேட்டதில்லை.

பாப்பாவின் கை வலித்தது. ஒரு மத்தியானத்துக்கு வந்துபோகிறவர்களின் பை இவ்வளவு கனமாக இருக்காது.

"பாப்பா, அதை உள்ளே வை" என்றார் அப்பா, இன்னும் பட்டனோடு போராடிக்கொண்டே.

வீட்டில் இரண்டே அறைதான். ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று அம்மாவின் அறை. ஆறு வருஷமாக யாரும் அதில் படுத்ததில்லை.

"எந்த ரூம்லப்பா?" என்று கேட்டாள் பாப்பா.

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.